காவ்யா பேர் லிஸ்ட்ல இருக்கு

அங்கன்வாடியில பிள்ளைங்களைத் தூங்க வச்ச நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கிட்டு அலையறதுதாங்க எங்க பொழைப்பு. என்னை மாதிரியே நாய்க்குப் பயந்து பயந்து வீடு வீடா கதவு தட்டுற டீச்சருங்க இதைப் படிச்சா, “ஐயோ, இது என் கதை”ன்னுதான் சொல்வீங்க.

என்ன அவசரம்?

காவ்யா, நான் சத்துமாவு உருண்டை ஊட்டி வளர்த்த பொண்ணு. பதினெட்டு முடிஞ்ச கையோட செல்போனைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. பேர் சேர்க்க ஆன்லைன்ல விண்ணப்பிச்சாச்சாம், நான் வீட்டுக்கு வந்து சரிபார்க்கணுமாம். “எலெக்‌ஷனே இல்லையேடி, என்ன அவசரம்?”னு கேட்டேன்.

“ஓட்டுக்கு இல்ல டீச்சர். காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை வருதுல்ல? லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான் பேச விடுவாங்களாம்.”

எந்த ஊர் வாய்க்கால்?

அவ பேச நினைச்சது ஒண்ணே ஒண்ணுதான். வாய்க்கால் போய் முடியற கடைமடையில அவங்கப்பாவுக்கு ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர் வரும். வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கு, தண்ணி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. போன வருஷம் சம்பா கருகுனப்போ அந்த மனுஷன் ரெண்டு நாள் சோறு திங்கலை. இந்தத் தடவையும் போச்சுன்னா நிலத்தைப் போட்டுட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போயிடுறேன்னுட்டார்.

காவ்யா ஆன்லைன்ல மனு போட்டா. ‘குறை தீர்க்கப்பட்டது’ன்னு பதில் வந்துச்சு, கூடவே ஒரு போட்டோ. பளிச்சுன்னு சிமெண்ட் கரை, ரெண்டு பக்கமும் தென்னை. நானும் உத்து உத்துப் பார்த்தேன், நம்ம ஊர்ல அப்படி ஒரு இடமே கிடையாது.

“அழகா இருக்குல்ல டீச்சர்? எங்க இருக்குன்னு தெரிஞ்சா அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்.”

பூட்டுன வீடு

சரிபார்க்க மூணு தடவை போனேன், மூணு தடவையும் பூட்டு. ‘இந்த முகவரியில் இல்லை’ன்னு எழுதப் போன கை, நல்லவேளை, நின்னுடுச்சு. அடி கூறு கெட்டவளே, நடவு நேரத்துல எவ வீட்ல இருப்பான்னு என்னை நானே திட்டிக்கிட்டு வயலுக்கு நடந்தேன். பக்கத்து வயல் மோட்டார்ல இரவல் தண்ணி வாங்கி நட்டுக்கிட்டிருந்தாங்க. காவ்யா முழங்கால் சேத்தோட வரப்புக்கு வந்து கையெழுத்துப் போட்டா. தாள்ல ஒரு சேத்து விரல் பதிஞ்சிடுச்சு, துடைக்க மனசு வரலை.

நாத்து முடியைக் கீழ வைக்காமலே அவ அம்மா கேட்டாங்க: “கிராம சபைக்கு எதுக்கு டீச்சர் போகணும்? நோட்டுதான் வீட்டுக்கே வந்துடுதே?”

நோட்டு

அவங்க சொன்னது நிஜம். தீர்மானத்தை எழுதி முடிச்சு நோட்டு வீடு வீடா வரும், நாம கையைத் துடைச்சுக்கிட்டு வந்து கையெழுத்துப் போட்டுடுவோம். பதினஞ்சு வருஷமா நானும் ஒரு வரி படிக்காமதான் போட்டேன். சொல்லவே வெக்கமா இருக்கு.

காந்தி ஜெயந்தி அன்னிக்குக் கூட்டத்துல நோட்டு காவ்யா கைக்கு வந்தப்போ, அவ பேனாவைத் தொடலை. சத்தமா வாசிச்சா. ஒன்பது தீர்மானம், வாய்க்காலைக் காணோம். எழுந்து கேட்டா. “நீ யாரும்மா பேசுறதுக்கு? லிஸ்ட்ல பேர் இருக்கா?”ன்னு முன்வரிசைக்காரர் ஒருத்தர் அதட்டுனார். லிஸ்ட் என் மடியில இருந்துச்சு. எழுந்து, வரிசை எண்ணோட அவ பேரை வாசிச்சேன். பெத்த பொண்ணு பேரை வாசிக்கிற மாதிரி, கடைசி வரிசைக்கும் கேக்கிறாப்பல.

அதுக்குள்ள வயல்லேர்ந்து நேரா வந்திருந்த பொம்பளைங்க எழுந்துட்டாங்க. முன்னால காவ்யாவோட அம்மா.

“முதல்ல வாய்க்காலை எழுதுங்க, அப்புறம் நோட்டைக் குடுங்க.”

மறுபடியும் ஒரு போட்டோ

பத்தாவதா அதையும் எழுதுனாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாய்க்காலைத் தூர்வார மெஷின் இறங்குச்சு. ஒரு மத்தியானம் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கேன், வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வருது. கலங்கல் தண்ணி, வயலுக்குள்ள பாயுது. நடுவுல அவங்கப்பா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிறார். கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

கீழ காவ்யா எழுதியிருந்தா: “டீச்சர், இது நம்ம வாய்க்கால். அப்பா எங்கயும் போகலையாம்.”

இப்பல்லாம் யார் எந்த நோட்டை நீட்டுனாலும், நான் பேனாவுக்கு முன்னாடி மூக்குக்கண்ணாடியைத்தான் தேடுறேன்.