பைகள் நின்ற வரிசை

பெரம்பலூரில் நான் காவல் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் திருச்சியிலிருந்து எலும்பு டாக்டர் வருவார். அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கே வாசலில் வரிசை தொடங்கிவிடும். ஆட்கள் நிற்க மாட்டார்கள், பைகள்தான் நிற்கும். கட்டைப்பை, மஞ்சப்பை, எக்ஸ்ரே கவர், ஒரு தடவை ஒற்றைச் செருப்பு. வைத்தவர்களில் பாதிப் பேர் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏழரைக்கு நான் டோக்கன் கொடுக்க வரும்போது அவரவர் பைக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார்கள். சண்டையே வராது. முன் பைக்காரரும் பின் பைக்காரரும் ஒருவருக்கொருவர் சாட்சி.

இப்படிப்பட்ட ஊரில் செக்யூரிட்டி கம்பெனி சமீபத்தில் ஒரு பயிற்சி வைத்துச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஆளில்லாத பையைப் பார்த்தால் தொடாதே, யாரையும் கிட்டே விடாதே, உடனே தகவல் சொல் என்பது. தீவிரவாதத்தைத் தடுப்பதில் போலீசுக்கும் முன்னால் நிற்பவர்கள் நீங்கள்தான் என்று பயிற்சி கொடுத்த சார் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநாள் வந்து பார்த்தால் வாசல் முழுக்க ஆளில்லாத பைகள். எல்லாவற்றையும் குண்டு என்று சொன்னால் ஆஸ்பத்திரியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்தப் பயிற்சியில் காட்டிய படங்களில் சந்தேகப்பட வேண்டியவன் எல்லாம் தாடி வைத்திருந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. முஸ்லிம்கள் நிறையப் பேர் வாழும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து எத்தனையோ பேர் எங்களிடம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். தாடியைப் பார்த்துக்கொண்டு நின்றால் பையை யார் சார் பார்ப்பது என்று எழுந்து கேட்டேன். சார் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பிறகு ஆபீசிலிருந்து ஒரு தகவல் வந்தது. உங்களைச் சோதிக்க சாதாரண ஆள் மாதிரி ஒருவர் வந்து ஒரு பையை வைத்துவிட்டுப் போவார், கண்டுபிடிக்காதவர்களை அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை கேட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று. அந்த கேட்டில் நான் மூன்று வருடம் லாரி நம்பர் எழுதியவள். விடிவதற்கு முன் கிளம்பி இரண்டு பஸ் மாற வேண்டும். தலைமுடியில் தூசி, பேச ஆள் கிடையாது. வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகளோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட முடிந்ததில்லை. கெஞ்சிக் கூத்தாடி இந்த இடத்தை வாங்கியிருந்தேன். இதை விட மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

அதனால் டாக்டர் வரும் நாளெல்லாம் ஒவ்வொரு பையாக விசாரிப்பேன். பக்கத்தில் இருப்பவர் “டீ குடிக்கப் போயிருக்காங்கம்மா” என்பார். அடுத்த பைக்கு நகர்வேன்.

அன்றைக்கு வரிசை நடுவில் ஒரு கறுப்புத் தோள்பை இருந்தது. அதற்கு முன்னால் பாடாலூர்ப் பெரியவர் ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, இது யாருது?”

“நம்ம ஆளுதுதாம்மா. பாத்ரூம் போயிருக்காரு.”

சரி என்று நகர்ந்தேன். நாலு அடி போன பிறகுதான் உறைத்தது. நோயாளிகள் பாத்ரூமை ஏழு மணிக்கு நான்தான் திறப்பேன். இன்னும் ஏழாகவில்லை, அதன் சாவி என் இடுப்பில் இருந்தது.

திரும்பி வந்தேன். “எந்தப் பாத்ரூம்யா? சாவி எங்கிட்டல்ல இருக்கு?”

பெரியவர் தலையைச் சொறிந்தார். “யாருன்னு தெரியலம்மா. யாரோ பாவம், எடம் போயிடக் கூடாதேன்னு சொல்லிட்டேன்.”

பைக்குப் பின்னால் இருந்த லப்பைக்குடிக்காட்டு அம்மாவைக் கேட்டேன். “நான் வரும்போதே இருந்துச்சு. ஆள நான் பாக்கல. பாக்காதத எப்படிச் சொல்றது?” என்றார்.

சோதனைப் பையாகத்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. ஒருவேளை இல்லாவிட்டால்? விசில் ஊதி எல்லோரையும் டீக்கடைக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். உள்ளே சொல்லி ஆட்களைப் பின்வாசலுக்கு அனுப்பச் செய்தேன். ஆபீசுக்குப் போன் போட்டேன். வெளியே குண்டைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. வரிசை கலைந்துவிடுமோ என்பதுதான் கவலை. எந்தப் பையும் நகராது, நான் பொறுப்பு என்று கத்த வேண்டியிருந்தது.

அப்போது டீக்கடை பெஞ்சில் ஆறு மணியிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து அடையாள அட்டையைக் காட்டினார். எங்கள் கம்பெனி அதிகாரி. பையைத் திறந்தார். உள்ளே ஒரு செங்கலும் பழைய கடிகாரமும். எனக்கு மூச்சு வந்தது. அவர் நோட்டை எடுத்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்க. ஆனா மொதல்ல நம்பிட்டு நாலு அடி தாண்டிப் போயிட்டீங்களேம்மா?”

சிமெண்ட் ஆலை கேட் கண் முன்னால் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் நொண்டி நொண்டி முன்னால் வந்தார்.

“நாலு அடியா? அந்தம்மா அந்த எடத்த விட்டு நகரவே இல்லீங்க சார். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

“ஆமாங்க சார், நாங்களும் பாத்தோம்” என்றது வரிசை. அதில் பலர் அப்போது டீக்கடையில் இருந்தவர்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஐயா, இப்பதானே இப்படி ஒரு சாட்சி சொல்லி மாட்டிவிட்டீங்க? மறுபடியுமா? சார், நாலு அடி போனேன். அப்புறம்தான் திரும்பினேன். நீங்க எழுதிக்குங்க.”

அவர் எழுதவில்லை. என்னையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

“இந்த வரிசைக்கு வேற ஆளப் போட்டா ஒரே நாள்ல ஏமாத்திடுவாங்க. மணி ஏழரை ஆச்சு, போயி டோக்கனக் குடுங்கம்மா.”

பெரியவருக்கு டோக்கன் கொடுக்கும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. எனக்காக இத்தனை பேர் ஒரே வாயாகப் பொய் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.