கழுவிப்போட்ட ஆற்றுச்சேறு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. அதற்குப் பிறகு பேனை பிடித்தது கையெழுத்து வைக்கத்தான். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னியுங்கள். மறதியும் வந்துவிட்டது.

நாங்கள் பெரியகல்லாற்றில் ஆற்றோரம் இருக்கிறோம். கடலோடு சேர்கிற வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது. தண்ணீரில் இறங்கி அடிச்சேற்றைக் கையால் கிளறி மட்டி எடுப்பது என் தொழில். மச்சாளும், அதாவது என் புருசனின் தங்கையும், என்னோடுதான் வருவா. ஒரு வருசம் வெயில் தாங்க முடியாமல் ஆற்றுத்தண்ணீர் சுட்டது. மட்டியெல்லாம் வாய் பிளந்து செத்துப்போச்சு. நாற்றத்தில் கரையில் நிற்க ஏலாது.

அதற்கு அடுத்த வருசம் மழை தொடங்கின நேரம் மிஸ் வந்தா. ஓட்டமாவடிப் பக்கத்து ஆள், கெம்பசில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிப்பிக்கிறவ, தலை நரைத்தவ. ஆற்றடியில் சீவிக்கிற மட்டி, புழு, பூச்சியெல்லாம் சூட்டுக்கு என்ன ஆகுது, முந்தின காலத்தில் என்ன ஆனது என்று பார்க்கத்தான் வந்தாவாம். நீளமான குழாய் ஒன்றை ஆற்றடியில் குத்தி, சேற்றோடு இழுத்து எடுத்தா. அதை எங்கள் குசினிச் சுவரில் நிமிர்த்திச் சாத்திவிட்டு, "இதுக்குள்ள இருக்கிற மட்டி ஓட்டத்தான் பாக்கணும் அம்மா, வேன் புடிச்சிட்டு வாறன்" என்று போனா.

நான் புது ஆட்களோடு பேசமாட்டேன். தேத்தண்ணி குடிங்க என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு உதவி செய்வோம் என்று நினைத்தேன். மட்டி வீட்டுக்கு வந்தால் முதல் வேலை கழுவுவதுதானே. மூன்று தண்ணீர் மாற்றாவிட்டால் மண் கடிக்கும். குழாயைக் கவிழ்த்துத் தட்டிச் சேற்றைக் கூடையில் கொட்டி அலசினேன். மட்டி ஓடுகளைப் பெரிசு, சின்னன் என்று பிரித்துச் சுளகில் பரப்பியும் வைத்தேன்.

மிஸ் வந்து பார்த்துவிட்டு அப்படியே படியில் குந்திவிட்டா.

"சேறு எங்கம்மா?"

"கழுவிட்டன் மிஸ்."

வேலிக்கு அங்கால நின்ற மச்சாள் சத்தம் போட்டுச் சிரித்தா. "என்னகா மச்சாள், கெம்பஸ் சேத்தையும் கழுவிட்டியா? மிஸ், நீங்க இன்னும் சுணங்கியிருந்தா புளி விட்டு ஆக்கியும் வச்சிருப்பா."

மிஸ் சிரிக்கவில்லை. ஏசவுமில்லை. சுளகில் கிடந்த ஓடு ஒன்றை எடுத்துக் காட்டிச் சொன்னா. "மேல கிடக்கிற சேறு இப்பத்தையது அம்மா. கீழ போகப்போகப் பழசு. எந்த ஓடு எந்தச் சேத்துல கிடந்தது எண்டு பாத்தாத்தான் எப்ப தண்ணி சுட்டது, எப்ப உப்புக் கூடினது எண்டு சொல்லலாம்." மணலைவிடச் சின்ன ஓட்டுப்பூச்சிகளும் அதற்குள் இருந்ததாம். அதெல்லாம் நான் கழுவி ஊற்றின தண்ணீரோடு வாழையடிக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் மத்தியானம் ஆற்றுவாய் வெட்டுவதாக இருந்தது. வெள்ளம் வயல் வட்டைக்குள் ஏறிப் பயிரை அழிக்காமல் இருக்க, கடலை மறிக்கிற மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் தண்ணீர் இழுக்கிற இழுவையில் எங்கள் பக்கம் இறங்க ஏலாது, அடிச்சேறும் அரித்துப்போகும். மிஸ்சிடம் இன்னொரு குழாய் இருந்தது. ஆனால் அவவுக்கு மிச்சம் ஒரு காலைப்பொழுதுதான்.

"விடிய வந்து அதே இடத்துல குத்துவம்" என்று எழும்பினா.

அந்த இடம் நானும் மச்சாளும் வருசக்கணக்காகக் கிளறின இடம். அங்கே மேலும் கீழும் எப்போதோ கலந்துபோச்சு. முதல் தரம் குத்தும்போதும் நான் கரையில் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். படித்த ஆளுக்கு நான் என்னத்தைச் சொல்ல என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஏசாத அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் திறந்தது.

"அந்த இடம் வேணாம் மிஸ். அது நாங்க கிண்டின இடம்."

மிஸ் திரும்பி என் கையைப் பிடித்தா. "அல்லாஹ்! இத ஏன் முதல்ல சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

அப்போதுதான் அவவும் சிரித்தா.

விடியக்காலை கண்டல் மரங்களுக்கு அங்கால கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பழைய தோணி ஒன்று மூழ்கித் தாண்டு கிடக்குது. ஆணி காலைக் கிழிக்கும் என்று யாரும் அங்கே மட்டி எடுப்பதில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நான் ஒரு பக்கமும் மிஸ் மறுபக்கமும் குழாயைப் பிடித்து இறக்கினோம். ஆற்றுவாய் வெட்ட முதலே குழாய் வேனில் ஏறிவிட்டது. அன்றைக்கு மிஸ் தேத்தண்ணியும் குடித்தா.

சில மாதம் கழித்து வந்து, நெடுக வெட்டின சேற்றைப் போனில் காட்டினா. அடியில் ஒரு இடத்தில் தடித்த மட்டி ஓடு நிறைய. அதற்கு மேலே ஒன்றுமில்லாத கறுப்புச் சேறு. அதற்கும் மேலே நகம் அளவு சின்ன ஓடு.

"மட்டி ஒருக்கா இல்லாமப் போய்த் திரும்பி வந்திருக்கு அம்மா. ஆனா இப்ப சூடு கெதியா ஏறுது. இந்த முறை திரும்பி வரக் காலம் கிடைக்குமோ எண்டுதான் எனக்குப் பயம்."

எனக்கும் பயம்தான். ஆனாலும் என் பிள்ளைகளை வளர்த்த அந்தச் சீவன்கள் முந்தியும் ஒருதரம் செத்துத் தப்பி வந்ததை என் கண்ணுக்குக் காட்டினதற்கு, மிஸ்சுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். என்னை ஏசாமல் விட்டதற்கும்தான்.

அந்தக் கறுப்புச் சேறு எத்தனை விரலளவு இருந்தது, எந்தக் காலத்துச் சேறு என்றெல்லாம் அவ சொன்னா. எனக்கு மறந்துபோச்சு. ஓடு கிடந்த ஒழுங்கையும் நான் மாற்றி எழுதியிருப்பேனோ தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது அவவிடம் கேட்டு, பார்த்துத் திருத்திவிடுங்கள். என் எழுத்தால் அவவின் வேலைக்குப் பிழை வரக்கூடாது.