மீட்டரில் மிச்சமிருந்த முப்பத்தெட்டு மணி நேரம்

டிராக்டர் அக்கா அந்தச் சின்ன டிராக்டரில் ஏறி உட்கார்ந்தது ஆசைப்பட்டு அல்ல. வண்டி அவள் கணவருடையது. வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தபோது, ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குழாயைப் பிடித்தபடியே சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, அதில் தப்பிப் பிழைத்தது "சரி" என்கிற ஒரே சொல். விளக்கைப் போடட்டுமா என்றாலும் சரி, அணைக்கட்டுமா என்றாலும் சரி.

மூன்று மாதம் வண்டி கொட்டகையில் தூங்கியது. ஆள் வைத்து ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் அக்காவே சாவியை எடுத்தாள். முதல் நாள் பின்னால் எடுக்கப்போய்க் கொட்டகைத் தூணைச் சாய்த்தாள்; இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு வேலியை. "அக்கா வருது, ஓரமா நில்லுங்க" என்று தெருவே கேலி செய்தது. ஒரு வருடத்துக்குள் அதே தெரு வாயை மூடிக்கொண்டது. பெரிய டிராக்டர்கள் நுழையவே முடியாத பழத்தோட்டம் ஒன்றில், மர வரிசைகளுக்கு நடுவே, இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் விட்டு, ஒரு கிளைகூட முறியாமல் புல் வெட்டிக்கொண்டு போவாள். பூ விடுவதற்கு முன் புல் வெட்டி மருந்தடிக்கிற வேலை முழுவதையும் தோட்ட முதலாளி அவளிடமே விட்டிருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு தோட்டத்தால்தான்.

இரண்டாவது வருடம், தோட்ட வேலை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது மெக்கானிக் ஆயில் மாற்ற வந்தான். முன் அச்சின் ஆயிலை வடித்தவன் எழுந்திருக்காமலே கூப்பிட்டான்.

"அக்கா, இங்க வந்து பாருங்க."

தட்டில் கிடந்த ஆயில், பாலைக் கலக்கிவிட்டதுபோல வெளுத்திருந்தது.

"ரப்பர் சீல் வழியா தண்ணி உள்ள போயிருக்கு. இதே மாடல்ல இந்த வருஷம் மூணு வண்டி பாத்துட்டேன். மூணுலயும் உள்ள கியர் பல்லு தேஞ்சு அச்சே போயிருச்சு."

"இப்ப ஓடாதா?"

"ஓடும். அதான் வம்பே. நின்னு போச்சுன்னா வாரண்டியில செஞ்சு குடுத்துருவாங்க. ஓடுற வண்டியப் பிரிச்சுப் பாருன்னா மூஞ்சியத் தூக்குவாங்க."

மீட்டரைப் பார்த்தாள். தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. ஆயிரம் மணி நேரம் ஓடியதும் வாரண்டி முடியும். தோட்டத்து வேலைக்கு எப்படியும் அறுபது மணி நேரம் வேண்டும்.

"புது ஆயில் ஊத்திட்டா இந்த வேலை முடியற வரைக்கும் தாங்குமா தம்பி?"

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம். நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?"

அன்று மத்தியானம் கணவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள். "வண்டிய ஒர்க்‌ஷாப்புல விடட்டுமாங்க?"

"சரி."

"விடாம வேலையப் பாக்கட்டுமா?"

"சரி."

சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருப்பவள் அவள். "ஓடுற வண்டிக்கு இவ்ளோ கவலையா?" என்றாள். "என் தம்பிக்கு இதுல பாதி பட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அக்கா கரண்டியைத் துடைத்தாள், துடைத்த கரண்டியை மறுபடியும் துடைத்தாள்.

அவர் விழுவதற்கு ஐந்து நாள் முன்னால், விரல் மரத்துப்போகிறது என்று சொல்லியிருந்தார். கையிலிருந்த டம்ளர் நழுவி உடைந்தது. "டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அப்போது அவர் ஓட்டிக்கொண்டிருந்த அதே தோட்டத்தில் பாதி வேலை பாக்கி இருந்தது. "வேலை முடியட்டுமே, அப்புறம் போய்க்கலாம்" என்றது அவள்தான். அது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவருக்குப் பேச்சில்லை. மற்றவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டாள். பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் ஊற்றி மடியில் வைத்திருந்தாள்.

சூப்பர்வைசர் வண்டியைச் சுற்றி வந்தார். "நல்லாத்தானே ஓடுது? எதுக்கும்மா பிரிக்கணும்?"

அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "இதப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

"தண்ணில ஓட்டியிருப்பீங்க."

"புல்லுல ஓட்டினேன். பிரிச்சுப் பாருங்க. பாக்க மாட்டேன்னா, மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பிரித்தார்கள். உள்ளே இருந்த பல்சக்கரத்தைச் சூப்பர்வைசரே கையில் எடுத்துவந்து காட்டினார். பூச்சி அரித்த பல் மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்கம்மா. இன்னும் அம்பது மணி நேரம் ஓடியிருந்தா முழு அச்சும் போயிருக்கும். மொத்தமும் வாரண்டியிலயே மாத்திடலாம். சாமான் வர நாலு நாள் ஆகும்."

பஸ்ஸில் திரும்பும்போது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அக்காவின் நெஞ்சில் கொஞ்சம் காற்று போய் வந்தது. ஒரு காரியத்தையாவது காலத்தில் செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

நாலு நாள் எட்டு நாளாயிற்று. வந்த சாமான் வேறு மாடலுக்கானது, திருப்பி அனுப்பினார்கள். "வண்டில ஏத்தியாச்சும்மா, நாளைக்கு வந்துடும்" என்று தினமும் ஒரே பாட்டு. தோட்டத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. முதல் தடவை போன் செய்தபோது முதலாளி "பரவால்லம்மா, பாத்துக்கலாம்" என்றார். இரண்டாம் தடவை "ம்" என்றார். வாடகைக்கு எங்காவது சின்ன வண்டி கிடைக்குமா என்று அக்கா நாலு ஊர் அலைந்தாள். அந்த நேரத்தில் யாருடைய வண்டிதான் சும்மா நிற்கும்? பதினான்காம் நாள் அவரே கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. மொட்டு விட்ருச்சு, இனிமே காத்திருக்க முடியாது. ரெண்டு வண்டி வச்சிருக்கற ஆள் ஒருத்தர் வந்தாரு. மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுத்தாத்தான் வருவேன்னாரு. குடுத்துட்டேன்."

"ரெண்டு நாள்ல வண்டி வந்துடும்ணே. இந்த ஒரு தடவை…"

"நீ நல்லாத்தான் பண்ணே. நான் இல்லைன்னு சொல்லல."

இருபத்தாறாம் நாள் வண்டி கிடைத்தது. முன் அச்சு புத்தம் புதியது. வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. சூப்பர்வைசர் கதவுவரை வந்து, "இனி பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லம்மா" என்றார். சாலை முழுவதும் அக்கா அழுதுகொண்டே ஓட்டினாள். இன்ஜின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

வேறு தோட்டங்களுக்குப் போய்க் கேட்டாள். எல்லோரும் முன்பே ஆள் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் பழம் பிரித்து அடுக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஏழு மணியிலிருந்து நின்றபடியே வேலை. நாத்தனார் அப்புறம் அவளைக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

"அன்னைக்கே உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று கணவரிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தாள். சட்டை மாற்றிவிடும்போதெல்லாம் வாய்வரை வரும். பித்தானைப் போட்டு முடிப்பதற்குள் உள்ளே போய்விடும்.

ஐந்தாம் மாதம் டிராக்டரை விற்றாள். வெளியூர்க்காரர் ஒருவர் லாரி கொண்டுவந்தார். முன் அச்சைக் குனிந்து பார்த்து, "எல்லாமே புதுசு! பொறுப்பா வச்சிருக்கீங்கம்மா" என்றார். வண்டியை ஏற்றும்போது பலகை நழுவாமல் இருக்க அக்காவே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். கணவரின் கட்டில் தெருவைப் பார்த்த ஜன்னலோரம்தான் போட்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. பலகையை விட முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை.