சுப்பராயலு வீடு எது?

கைக்குட்டையை மடித்து மைக்கின் தலையில் சுற்றி, அதன் மேல் ரப்பர் வளையம் போட்டுக்கொள்வார் சுப்பராயலு. விரலால் இரண்டு தட்டு. ஊதிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "ஊதுனா எச்சி போயி உள்ள துரு புடிச்சிக்கும்" என்பார். பிறகு ஆட்டோவின் பின்சீட்டில் சாய்ந்து, கடலூர் முதுநகருக்கு அன்றைய சேதியைச் சொல்லத் தொடங்குவார்: போலியோ சொட்டு மருந்து, தண்ணீர் வராத நாள், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் தேர்.

ஆள் ஒல்லி. குரல்தான் பெரிது. வீட்டிலும் அவருக்கு அறிவிப்பு வாசனை போகாது. "ராஜாமணி அவர்கள் எங்கிருந்தாலும் அடுப்படிக்கு வரவும்" என்று மனைவியைக் கூப்பிடுவார். "வர்றேன், சத்தத்தக் கொற" என்று கொல்லையிலிருந்து பதில் வரும்.

சாவுச் செய்தி என்றால் மட்டும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். மைக்கை அணைத்துவிட்டு, இறந்தவர் பெயரை வெறும் வாயால் ஒருமுறை சொல்லிக்கொள்வார். அதன் பிறகுதான் சுவிட்சைப் போடுவார். "தொண்ட மொதல்ல தாங்கிக்கணும். தெருவுல ஒடஞ்சிடக் கூடாதுல்ல?" சுனாமிக்கு மறுநாள் முகாம் வாசலில் ஆட்டோவை நிறுத்தி அவர் இறந்தவர்கள் பெயர்களை வாசித்தபோது, அதே தெருவில் குடியிருக்கும் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு வேண்டியவர் பெயரை அவர் இரண்டு தடவை சொல்லக் கேட்டேன். முதலில் மெதுவாக. பிறகு ஊருக்கு.

அவருடைய ஒரே மகள் கனிமொழி குவைத்தில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் அர்னெலைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் மணிலாவில் நடந்தது. ஊரிலுள்ள கல்யாணத்துக்கெல்லாம் பாட்டுப் போட்ட மனிதர், சொந்த மகள் கல்யாணத்துக்கு ஒரு பாட்டுப் போடவில்லை. புகைப்படத்தை ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் ஒட்டி வைத்திருந்தார்.

ராஜாமணியின் தம்பி தேவநாதன் சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வரும்போதெல்லாம் அந்தப் படத்தைத் தட்டிக் காட்டுவார். "மாமா, மாப்ள போட்டோவுல மட்டுந்தான் வருவாரா? ஆளுன்னு ஒண்ணு இருக்குதா, இல்லியா?"

சுப்பராயலு சிரித்து வைப்பார். ராஜாமணி உள்ளே போய்விடுவாள். மகளைப் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. "அவரு இல்லாம வர மாட்டேம்பா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாசப்படி மிதிப்போம்" என்று கனிமொழி சொல்லிவிட்டாள். 2010 தை மாதம் இருவருக்கும் விடுப்புக் கிடைப்பதாக இருந்தது. சிதம்பரத்தில் மண்டபம் பிடித்து வரவேற்பு வைப்பதாக ஏற்பாடு. அர்னெலுக்குச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். தங்கப்போகும் இடம் என்று மாமனார் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார்கள்.

விசாரிக்க ஆள் வரும் என்று மகள் முன்னாலேயே சொல்லியிருந்தாள். ஆனால் சுப்பராயலு நினைத்திருந்த ஆள், கோட்டுப் போட்டுக்கொண்டு காரில் வருபவர். வந்தவரோ சாதா சட்டையும் காக்கி பேன்ட்டுமாக மொபெட்டில் வந்த ஏட்டு தங்கராசு. அந்த வாரம்தான் தடை செய்யப்பட்டவை என்று பக்கத்துத் தெரு பக்கிரியின் கூம்பு ஒலிபெருக்கிகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது. சுப்பராயலுவிடமும் இரண்டு கூம்பு இருந்தது.

டீக்கடை வாசலில் மொபெட் நின்றது. "இங்க சுப்பராயலு வூடு எது?"

கிளாஸைக் கீழே வைக்காமலே சுப்பராயலு சொன்னார். "அவரா? காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாளாச்சே சார். கூம்பெல்லாங்கூட வித்துட்டாரு."

"ஆமா சார், இப்ப இங்க அப்பிடி யாரும் இல்ல" என்றார் டீக்கடைக்காரர். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தெருக்காரனைப் போலீஸிடம் காட்டிக்கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

விசா மறுக்கப்பட்டது. கனிமொழி ஃபோனில் அழுதாள். "அப்பா, அந்த வெலாசத்துல நீங்க இல்லன்னு ரிப்போர்ட்டாம். வூடு மாத்திட்டீங்களா? எங்கிட்ட ஏம்பா சொல்லல?"

சுப்பராயலு ஃபோனை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னபோது ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல செத்தவன் பேரெல்லாம் சத்தமா சொல்ற மனுசன், சொந்தப் பேரக் கேட்டா இல்லன்னுட்டு வந்து நிக்கிறாரே!"

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏட்டைத் தேடிப் போலீஸ் அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். தங்கராசு அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"யோவ், நீதானய்யா அன்னிக்கி காலி பண்ணிட்டாருன்னு சொன்னது?"

"ஆமாங்கய்யா. கூம்பத் தூக்கிட்டுப் போவ வந்திருக்கீங்கன்னு நெனச்சிட்டேன்."

"அப்ப சுப்பராயலு?"

"நாந்தாங்கய்யா."

ரேஷன் கார்டை நீட்டினார். தங்கராசு அதைப் பார்க்கவே இல்லை. "இல்லன்னு சொன்னவனும் நீ, இருக்கேன்னு சொல்றவனும் நீ. எத நான் நம்புறது?"

சுப்பராயலு ரேஷன் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மேசையிலிருந்த ரூல்தடியின் நுனியில் சுற்றி, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அல்லோ, அல்லோ. முதுநகர் வாழ் பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. சுப்பராயலு என்பவர் எங்கும் காலி செய்து போகவில்லை. மருமகனை எதிர்பார்த்து அதே வீட்டில்தான் இருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்!"

தட்டச்சு நின்றது. உள்ளறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். தங்கராசுவின் மீசை துடித்து, சிரிப்பு வெடித்தது. "அட, சொட்டு மருந்துக் கொரலு! எம் பொண்டாட்டி இதக் கேட்டுத்தானய்யா புள்ளயத் தூக்கிட்டு ஓடுவா!"

மறுபடி விண்ணப்பித்தார்கள். தங்கராசுவே மறு விசாரணைக்கு வந்தார். டீக்கடையில் மொபெட்டை நிறுத்தி, "சுப்பராயலு வூடு..." என்று ஆரம்பிப்பதற்குள் பெஞ்சிலிருந்த கைகள் எல்லாம் ஒரே பக்கம் நீண்டன. டீக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கூடவே நடந்துபோய்க் கதவைத் தட்டினார்.

தை பிறந்ததும் விசா வந்தது. பின்னாலேயே கனிமொழியோடு அர்னெலும் வந்தார். வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டி, கனிமொழி சொல்லிக்கொடுத்தபடி, பார்க்கிறவர்களையெல்லாம் "மாமா, சாப்ட்டாச்சா?" என்று கேட்டார். சிதம்பரம் மண்டப வாசலில் தேவநாதனையும் அப்படியே கேட்டார். தேவநாதன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆச்சு மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. வெளியே வேப்பமரத்தில் கூம்பு கட்டியிருந்தது. விருந்துக்கு வந்த தங்கராசு அதை அண்ணாந்து பார்த்தார். "இது எங்க ஸ்டேசன் எல்ல இல்ல" என்று சொல்லிக்கொண்டே பந்திக்குப் போனார்.

சுப்பராயலு மேடையில் புதுக் கைக்குட்டையை மைக்கில் சுற்றினார். இரண்டு தட்டு. மாப்பிள்ளையை ஊருக்கு அறிவிக்க வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு, மைக்கை அணைத்தார். முன்வரிசையில் ராஜாமணி பதறிப்போய் எழுந்துவிட்டாள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. வெறும் வாயால், மெதுவாக, "அர்னெல்" என்றார்.

தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அர்னெல் பக்கத்தில் வந்து, "மாமா?" என்று குனிந்தார். ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவிட்சைப் போட்டார் சுப்பராயலு.