பலகை மேல் நின்ற கோல் கீப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு மொட்டைத் தலைகளை நான் தடவிப் பார்த்தேன்.

ஆசீர்வாதம் செய்ய அல்ல. கால்பந்துப் போட்டிக்காக. குற்றாலம் சீசனை ஒட்டி இங்கே பையன்களுக்கு நடக்கிற பந்தயத்தில் யாரும் வயதைக் கேட்பதில்லை. வயதைக் கேட்டால் சர்டிபிகேட் வரும். சர்டிபிகேட்டை யார் நம்புவது? அதனால் உயரம். நாலடி பத்தங்குலம். மைதானத்தின் ஓரத்தில் இரண்டு மரக்கால்களை நட்டு, அந்த உயரத்தில் குறுக்கே ஒரு கம்பு அடித்திருப்பார்கள். பையன் அதன் அடியில் நிமிர்ந்து நிற்க வேண்டும். தலை கம்பில் படாவிட்டால் ஆடலாம். பட்டால் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

சுலபம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முழங்காலை மடக்குவான் ஒருவன். மழைக்கு ஒதுங்கிய கொக்கு மாதிரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வான் இன்னொருவன். முடிக்கும் கனம் உண்டே என்று மொட்டை அடித்துக்கொண்டு ஒரு டீமே வரும். மேலகரம் டீம் அப்படித்தான் வந்தது. கேட்டால், குலதெய்வத்துக்கு நேர்ச்சையாம். பதினோரு வீட்டுக் குலதெய்வங்களும் ஒரே வாரத்தில் முடி கேட்குமா?

அளக்கிற வேலை எனக்கு எப்படி வந்தது என்கிறீர்களா... ஃபைனல் தென்காசிக்கும் மேலகரத்துக்கும். தென்காசிக்காரர் அளந்தால் மேலகரத்துக்குச் சந்தேகம். மேலகரத்துக்காரர் அளந்தால் தென்காசிக்குச் சந்தேகம். நான் இந்தப் பக்கம் பிழைக்க வந்தவன். "இவரு எந்த ஊருக்கும் ஆகாதவரு. இவரே அளக்கட்டும்" என்றார் மேலகரம் டீமின் மேனேஜர், அரிசிக் கடைக்காரர். அது பாராட்டா? இன்னும் தெரியவில்லை.

பொறுப்பு வந்ததும் எனக்குள் ஒரு போலீஸ்காரன் முளைத்துவிட்டான். தையற்கடையில் டேப் கடன் வாங்கிப் போய், அந்தக் கம்பின் உயரத்தையே தரையிலிருந்து அளந்தேன். சரியாக இருந்தது. இவ்வளவு சரியாகவா? - அதிலும் ஒரு சந்தேகம்.

சாரல். மலையிலிருந்து யாரோ ஈரத்துணியை உதறுகிற மாதிரி, காற்றோடு வந்து முகத்தில் ஒட்டியது. மலை இருந்த இடத்தில் மேகம், மேகம் இருந்த இடத்தில் மலை. இந்த ஊரில் மலையையே முழுசாக நம்ப முடியாது. பையன்களை எப்படி நம்புவது?

என் கண் எல்லாம் ஒருவன் மேல்தான். சுலைமான். தென்காசி கோல் கீப்பர், நெசவு வீட்டுப் பையன். போன ஆட்டத்திலேயே கம்பு அவன் முடியை உரசியிருந்தது. "ஃபைனல்ல பாப்போம்" என்று விட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் நிச்சயம் வளர்ந்துவிடுவான். அவனுக்கு இதுதான் கடைசி மேட்ச். டீமில் வேறு கீப்பர் என்று ஒரு பொடியன் உண்டு. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

மேலகரத்து மொட்டைகள் எல்லாரையும் அளந்து முடித்தேன். பிறகு தென்காசி. கடைசியாகச் சுலைமான் வந்து நின்றான். அவன் தலைக்கும் கம்புக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது.

ஒரே வாரத்தில் பையன் குட்டையாவானா?

"என்னலே பண்ணுன?" என்றேன்.

"மூணு நாளு காலையில பேரருவியில நின்னேன் அண்ணாச்சி. தண்ணி மண்டையில அடிச்சா அரை அங்குலம் குறையுமாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாவ."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. நம்பினார்கள். நான் நம்பவில்லை. அவன் உதடு நீலமாக இருந்தது, கண் தரையைப் பார்த்தது. குளிரா, குற்றமா? அத்தனை பேர் முன்னாலும் குனிந்து அவன் முழங்கால் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தன. "சரி, போ" என்றேன், மனசில்லாமல்.

அவன் போகவில்லை.

"அண்ணாச்சி, கால் அழுந்திட்டு."

பாதத்தைத் தூக்கிக் காட்டினான். இருபத்தொரு பேர் நின்று மிதித்த ஈரத் தரை. குதிகால் பதிந்த குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"பலகை போட்டுப் பாருங்க" என்றான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே கூறுகெட்ட பயலே, அவரே போன்னுட்டாரு. உனக்கென்னலே?"

பக்கத்து டீக்கடையில் பெஞ்சுப் பலகை ஒன்று கழன்று கிடந்தது. நானே போய் எடுத்து வந்து குழியின் மேல் போட்டேன். சுலைமான் ஏறி நிமிர்ந்தான்.

டொக்.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்கமாட்டேன். நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று அல்லவா?

அப்போது மேலகரம் கேப்டன் முன்னால் வந்தான். சுடலை. அவர்களுடைய கோல்களில் பாதி அவன் அடித்தது. "நானும் அதே இடத்துலதான் நின்னேன். என்னையும் பலகையில ஏத்துங்க" என்றான்.

அவனுடைய மேனேஜர் பாய்ந்து வந்தார். "வாய மூடுலே. உன்னை யாரு கேட்டா?"

"அவன யாரு கேட்டா அண்ணாச்சி?"

ஏறினான். டொக்.

இதில் என்ன சூது இருக்கும்? வெகுநேரம் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஆட்டம் நடந்தது. வெளியேறிய இரண்டு பேரும் தென்காசி கோலுக்குப் பின்னால், ஒரே கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, நீ இன்னும் ரெண்டு நாளு அருவியில நின்னிருக்கணும்" என்றான் சுடலை.

"எனக்குச் சளியோட போச்சு. நீ முடியயும்லா குடுத்துட்ட" என்றான் சுலைமான்.

ஒரே ஒரு கோல் விழுந்தது. பொடியன் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எம்பினான். பந்து அவன் விரலுக்கு ஓர் அங்குலம் மேலே போயிற்று. சுலைமான் எழுந்து நின்றுவிட்டான் - கை தானாக மேலே போயிருந்தது. மேலகரம் ஜெயித்தது.

கூட்டம் கலைகிறபோது டீக்கடைக்காரர் பலகையை எடுக்க வந்தார். சேற்றைத் துடைத்து, அதன் ஓரத்தைப் பெருமையாகத் தட்டினார். "முழுசா ஒரு அங்குல கனம் அண்ணாச்சி. இப்பம் எவன் இப்படிப் பெஞ்சு போடுதான்?"

ஓர் அங்குலம்.

கம்பை நான் தரையிலிருந்து அளந்திருந்தேன். அந்த இரண்டு பையன்களையும் நிறுத்தியதோ தரைக்கு ஓர் அங்குலம் மேலே. குழியில் நின்றது பொய்யென்றால் பலகையில் நின்றதும் பொய்தானே? மொட்டையைச் சந்தேகப்பட்டேன், முழங்காலைச் சந்தேகப்பட்டேன், டேப்பைக்கூடச் சந்தேகப்பட்டேன். நான் குனிந்து போட்ட பலகையை மட்டும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுகிறவன் கழுத்து நாலு பக்கமும் திரும்பும்... தன் காலடிக்கு மட்டும் குனியாது.

அங்கேயே சொன்னேனா? இல்லை. கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மேளம் அடித்தது, மழையும் வலுத்தது. காரணத்துக்கா பஞ்சம்? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புதன்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு சுலைமான் வீட்டுக்குப் போனேன். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தான். நடுநடுவே தும்மல். பலகையைப் பற்றிச் சொன்னேன். ராட்டை நின்றது.

"அப்ப நான் ஆடியிருக்கலாமோ?"

"தெரியல. செவரோரமா நில்லு. இப்பமே அளந்துருவோம்."

என் கையிலிருந்த டேப்பை ஒதுக்கிவிட்டான்.

"வேண்டாம் அண்ணாச்சி. அளந்து சரியா இருந்துட்டா எனக்கு உங்க மேல கோவம் வரும். கூடுதலா இருந்தா உங்களுக்குச் சந்தோசம் வரும். ரெண்டும் எதுக்கு?"

ராட்டை மறுபடி ஓடத் தொடங்கியது. நான் வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து குரல் கேட்டது: "சுடலைகிட்டயும் சொல்லிருங்க. அவன்கிட்ட நீங்களே சொல்லணும்."

மேலகரம் எத்தனை தூரம்? குற்றாலத்துக்குப் போகிற வழிதான். நடந்தே போகலாம். இன்னும் போகவில்லை. முதலில் இதை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஊரே படித்துவிட்டால் சுடலையும் படித்துக்கொள்வான், நேரில் எதற்கு என்கிறான் உள்ளே ஒருவன். நிமிர்ந்து நிற்கிற மாதிரிதான் சொல்கிறான்...

அவன் முழங்காலைக் கொஞ்சம் அழுத்திப் பார்க்க வேண்டும்.