ஸௌரிராஜனின் செம்பு

“என் வாயில் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் தமிழ், மற்றதில் தெலுங்கு. நடுவில் சுவர் உண்டு, கதவு கிடையாது. இதுவரை ஒரு சொல்கூட அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்ததில்லை. எமனே வந்து நின்றாலும், அவன் எந்த மொழியில் கூப்பிடுகிறானோ அந்த மொழியிலேயே சுத்தமாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.”

ஆறு வருடங்களுக்கு முன்பு, சித்தூர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் மாலையும் கையில் மிக்சர் தட்டுமாக நின்றுகொண்டு ஸௌரிராஜன் இப்படிப் பிரகடனம் செய்தார். எல்லாரும் கைதட்டினார்கள். “சார் ஸ்பீச் சால நல்லா இருந்துச்சு” என்றார் ஒரு குமாஸ்தா. ஸ்பீச் ஆங்கிலம், சால தெலுங்கு, மீதி தமிழ்: ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி. விழா நாள் என்பதால் ஸௌரிராஜன் கண்ணை மூடிக்கொண்டு அவரை மன்னித்தார்.

அண்ணன் தம்பிகள் எல்லாரும் திருமலைக் கோயிலில் தளிகை சமைக்கப் போனபோது, இவர் மட்டும் நீதிமன்றத்துக்குப் போனவர். ஆனால் அப்பாவின் மடி ஆசாரத்தை அடுப்படியிலிருந்து எடுத்துப்போய் வாய்க்குள் வைத்துக்கொண்டார். எல்லைக் கிராமத்துச் சாட்சிகள் தமிழில் உளறுவதைத் தெலுங்கில் நீதிபதிக்குச் சொல்வது அவர் வேலை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு சொல் இடம் மாறவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிடப்படும் ஒரு ஜில்லாவில் இது லேசான சாதனையல்ல. காபி, பஸ், பென்ஷன் போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் அவர் தம் சொந்த அதிகாரத்தில் குடியுரிமை கொடுத்திருந்தார்.

திருப்பதி வீட்டில் சட்டம் இன்னும் கடுமை. பின்கட்டுக் குழாயடியில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். தமிழ் பேசும்போது தெலுங்கைக் கலந்தால், போய் அந்தச் செம்பில் தண்ணீர் பிடித்து வாய் கொப்பளித்துவிட்டு வந்து வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மகள் விஷ்ணுப்ரியா நான்கு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து தாகத்தோடு ஓடிவந்து, “அம்மா, நீள்ளு வேணும்” என்றாள். குழந்தைக்குத் தண்ணீர் கிடைத்தது. ஆனால் முதல் மடக்கு கொப்பளிக்க. ‘நீள்ளு’ போய்த் ‘தண்ணீர்’ வந்த பிறகுதான் இரண்டாம் மடக்கு உள்ளே இறங்கியது. இப்போது ஹைதராபாத்தில் இருக்கும் அவளுக்கு இன்றுவரை ஒரு சொத்தைப்பல் கிடையாது என்பதை ஸௌரிராஜன் தம் மொழிக்கொள்கையின் வெற்றியாகக் கருதினார். மனைவி மரகதவல்லி கொப்பளித்த தண்ணீரில்தான் அந்த வீட்டு வாழை குலை தள்ளியது.

சென்ற ஆடி மாதம் ஒரு காலை, தமிழ்ப் பேப்பரை முடித்துவிட்டுத் தெலுங்குப் பேப்பரைப் பிரித்தவர், காபி டம்ளரை மேஜையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தார். மூளையின் இடது பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. மரகதவல்லி தாமதிக்காமல் ஆட்டோவில் ஏற்றியதால் உயிர் தப்பியது. மூன்று வாரத்தில் காலும் சொன்னபடி கேட்டது. காது கேட்டது எல்லாம் புரிந்தது. ஆனால் அந்த இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர் மொத்தமாகச் சரிந்திருந்தது.

மருத்துவமனையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ரூபா, நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். பக்கவாதத்தால் பேச்சு தடுமாறும் இருமொழிக்காரர்களை வைத்து ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். பாதிப் பேருக்கு ஒரே மொழியில் பயிற்சி. மீதிப் பேர் வாய்க்கு வந்த மொழியில் பேசலாம். எவருக்கு எது குணம் தருகிறது என்று பார்ப்பது. யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஸௌரிராஜனுக்கு விழுந்தது, வாய்க்கு வந்தபடி பேசும் கட்சி.

“இன்னா சார், மாத்திர வேசுக்கினீங்களா?” என்று மாத்திரை போட்டுக்கொண்டதை விசாரித்து ஆரம்பித்தாள் ரூபா. அந்த ஒரு வாக்கியத்துக்கே மூன்று செம்பு தண்ணீர் தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் ஒரு படத்தைக் காட்டினாள். கத்தரிக்காய். நாற்பது வருடமாகத் தளிகையில் பார்க்கும் வஸ்து.

“வங்... வங்காய” என்றார் தெலுங்கில்.

சாணியை மிதித்தவர் முகம் போலாயிற்று அவர் முகம். இடது கைக் கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினார்: தண்ணீர்.

“தாகமா சார்? இருங்க” என்று ரூபா எடுத்துவந்தது கூழ் பதத்தில் கெட்டியாக்கிய தண்ணீர். விழுங்கும் தசை இன்னும் தேறவில்லை, வெறும் தண்ணீர் புரையேறிவிடும் என்பது டாக்டர் உத்தரவு. கூழை வைத்துக்கொண்டு எப்படிக் கொப்பளிப்பது? அடுத்த படம், பூட்டு. “தாளம்” என்றார், அதுவும் தெலுங்கு. மறுபடி கட்டைவிரல். பத்தாவது நாள் ரூபா தன் நோட்டில், ‘அடங்காத தாகம்’ என்று எழுதிச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். சர்க்கரை சரியாக இருந்தது.

மரகதவல்லிதான் செம்பின் வரலாற்றைச் சொன்னாள். ரூபா சிரித்த சிரிப்பில் படங்களெல்லாம் தரையில் சிதறின. ஆனால் அன்றோடு ஸௌரிராஜன் வாயை மூடிக்கொண்டார். சுத்திக்கு வழியில்லாத இடத்தில் பேச்சு எதற்கு?

பத்தொன்பது நாள் ஒரு சொல் இல்லை.

“அம்மா, மொத மாசங்கதான் முக்கியம்” என்றாள் ரூபா, இந்தத் தடவை சிரிக்காமல். “எங்க நைனா தறில இழ அறுந்துச்சுன்னா, கெடச்ச நூல்ல முடிச்சப் போட்டு ஓட்டிக்கினே இருப்பாரு. நின்ன தறிதான் துருப்புடிக்கும். சார் இப்பிடியே வாயத் தொறக்காம இருந்தாருன்னா, அப்பறம் அவரே பேசணும்னாலும் ரொம்பக் கஷ்டம்.”

மரகதவல்லி தலையாட்டினாள். நாற்பத்தொரு வருடம் திருத்திக்கொண்டே இருந்த குரல் அது. வீட்டில் அது இல்லாமல் குக்கர் விசில்கூட அநாவசியச் சத்தமாகத் தெரிந்தது அவளுக்கு.

அதே பயிற்சிக் கூடத்துக்குக் கார்வேட்டிநகரத்திலிருந்து கன்னையா என்ற விவசாயி வருவார். பக்கவாதம் அவருக்கு மூன்றே சொற்களை விட்டுவைத்திருந்தது: ரா, காபி, சரி. அந்த மூலதனத்தில் அவர் ராஜாங்கம் நடத்தினார். நர்ஸை விசாரித்தார், டிரைவரோடு சண்டை போட்டார், மனைவி சந்திரம்மாவைக் கிண்டல் செய்தார். ஒருநாள் ஸௌரிராஜனின் தோளைத் தட்டி, “ரா... காபி... சரி?” என்றார்.

‘வாங்க சாமி, ஒரு காபி குடிச்சிட்டு வரலாம், சரிதானே?’ ஒரு எழுத்துக் குறையாமல் புரிந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு தெளிவான சாட்சியை அவர் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கூடவே போனார்.

“ஏன் சாமி, எங்க ஆளு மூணு வார்த்தய வெச்சிக்கினு ஊரயே வாங்கறாரு. நீங்க வார்த்தய மூட்டயாக் கட்டி வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?” என்றாள் சந்திரம்மா. அவர் காபியை ஊதினார்.

மறுநாள் காலை மரகதவல்லி பீன்ஸும் அரிவாள்மணையுமாக அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்று அவள் செய்தது தற்செயல் என்று பிறகு சாதித்தாள், ஒருவரும் நம்பவில்லை.

“ஏன்னா, கேட்டேளா? கூரகாய வாங்கலாம்னு மார்க்கெட் போனேன். வங்காய எல்லாம் சொத்தை. லைன்ல நின்னு நின்னு கால் ஒரே நொப்பி.”

காய்கறி, கத்தரிக்காய், வலி மூன்றும் தெலுங்கில். ஸௌரிராஜன் நிமிர்ந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. குழாயடிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“கடைசீல இந்தப் பீன்ஸ்தான் மஞ்சியா தொரிகித்து” என்று, நல்லதாகக் கிடைத்ததையும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு, சாவகாசமாக ஒரு நாரை உரித்துப் போட்டாள்.

நீதிமன்றத்தில் சாட்சி பொய் சொல்லும்போது துடிக்கும் அந்த நரம்பு அவர் நெற்றியில் துடித்தது. வலது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரல் பின்கட்டை நோக்கி நீண்டது. பத்தொன்பது நாளும் பூட்டியிருந்த வாய் திறந்தது.

“நோரு கொப்பளி” என்றார்.

வாய் தெலுங்கிலும் கொப்பளிப்பது தமிழிலுமாக, வீட்டின் மூலச்சட்டமே கலப்படமாக வெளியே வந்து விழுந்தது. அதை முதலில் கேட்டவர் அவர்தான்.

மரகதவல்லி அரிவாள்மணையை ஒதுக்கி வைத்தாள். எழுந்து போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து, அதை அவர் முன்னால் வைத்தாள்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?” என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாலும் தோள் குலுங்கியது.

ஸௌரிராஜன் செம்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார். இரண்டு கையாலும் செம்பை எடுத்தார். ஒரு மடக்கு வாயில் வாங்கினார். கன்னம் உப்பியது. குழாயடி எட்டடி தூரம்தான்.

விழுங்கினார். பிறகு இன்னொரு மடக்கு, இன்னொன்று. நிதானமாகச் செம்பு காலியாகும்வரை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

“நீள்ளு... நன்னா இருக்கு, மரகதம்.”