பெருங்குரலுக்கு ஒரு நாற்காலி

ஆஸ்பத்திரி வாசலில் லோரி வந்து நின்றதும் தாதி சுலைகா மிஸ்ஸி முதலில் நோயாளியைப் பார்ப்பார். அடுத்த பார்வை, கூட வந்த கூட்டத்தில் யார் குரல் ஓங்கியிருக்கிறது என்று. அந்த ஆளுக்குத்தான் நாற்காலி.

கிள்ளானில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் தெருவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். "எட்டிக்கூடப் பாக்கலன்னு நாளைக்குப் பேச்சு வரும் மிஸ்ஸி" என்பார்கள். மாமனும் மச்சானும் சாப்பாட்டுத் தூக்குமாக அவசரப் பிரிவின் நடைவழியை அடைத்துக்கொண்டால் ஸ்ட்ரெச்சர் எங்கே நகரும்? காவலுக்கு ஜாகாவைப் போட்டுத் துரத்தலாம்தான். மிஸ்ஸிக்கு மனம் வராது. வாப்பாவின் கடைசி மூச்சின்போது ஒரு ஜாகா உம்மாவை வெளியிலேயே நிறுத்திவைத்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே வாசலில் ஒரு நாற்காலி. பெருங்குரல்காரரை அதில் உட்காரவைத்து, "நீங்கதான் இங்க பெரியவங்க. ஒரு ஆள் வெளிய வந்தாத்தான் இன்னொரு ஆள் உள்ள. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க லா" என்பார். கன்னத்தில் அடக்கிய கிராம்பை மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்தக் கிராம்பு டப்பி இருக்கிறதே, டாக்டரே கேட்டாலும் திறக்காது. அப்படியொரு கஞ்சத்தனம்.

நிர்வாகி ரெங்கசாமிக்கு இதெல்லாம் விளையாட்டுத்தனமாகப் பட்டது. "இன்னொரு வாட்டி வழி அடைச்சிச்சின்னா திங்கக்கிழமை ஜாகா வந்துடுவான். அப்புறம் எங்கிட்ட வராதீங்க மிஸ்ஸி" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை வந்து இறங்கினார் நாச்சம்மை ஆச்சி. தாட்சன் வேனில் தம்பி சோமசுந்தரம் மூச்சுக்குத் தவிக்க, பின்னால் கார் காராகச் சொந்தம். ஆச்சி போட்ட ஓலம் சாலைவரை கேட்டது. இப்படியொரு குரல் மிஸ்ஸிக்கு அதுவரை வாய்த்ததில்லை. நாற்காலியைப் போட்டார். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, சொந்த மருமகனையே "மாப்பிள்ளை, உங்க முறை வரட்டும்" என்று நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஷா ஆலம் தொழிற்சாலையில் அடிபட்டவர்களோடு ஒரு லோரி வந்தது. ரெங்கசாமியும் ஓடிவந்து, மிஸ்ஸி மாட்டிக்கொண்டார் என்ற முகத்தோடு நடைவழியின் நடுவில் நின்றார். ஆச்சி எழுந்தார்.

"தெப்பி, தெப்பி. எல்லாரும் சுவரோட ஒட்டி நில்லுங்க. வர்றவனும் ஒருத்திக்குத் தம்பிதான்."

வாசலில் காத்திருந்த கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் மிச்சமிருந்த ரெங்கசாமியை ஆச்சி மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாருக்குச் சொந்தம்? ஒருத்தருக்கும் இல்லயா? அப்ப வெளிய நில்லுங்க தம்பி."

நிர்வாகி வெயிலில் போய் நின்றார். வேறென்ன செய்வார், பாவம். ஸ்ட்ரெச்சர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எங்கும் இடிக்காமல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தன. நெருக்கடி தணிந்தபின் உள்ளே வந்த ரெங்கசாமி, "ஜாகா வேணாம் மிஸ்ஸி. இன்னும் ரெண்டு நாற்காலி அனுப்பறேன்" என்றார். மிஸ்ஸிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதோடு சோமசுந்தரமும் கண் திறந்திருந்தார்.

"ஆச்சி, தம்பி பேசறாரு. உங்களத்தான் கேக்கறாரு, போங்க" என்றார் மிஸ்ஸி.

ஆச்சியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மாப்பிள்ளை உள்ள இருக்காரே. அவரு வெளிய வரட்டும்."

மிஸ்ஸி பையிலிருந்து கிராம்பு டப்பியை எடுத்துத் திறந்து, ஆச்சியிடம் நீட்டினார்.